நுரையீரல் கேன்சருக்கு கும்பலா ஸ்கேன் எடுத்தா சாவு குறையுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா 90% குணமாகும்"னு ஒரு படம் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கும், கீழ ஒரு ஸ்கேன் சென்டர் நம்பரும் இருக்கும். அதை பாத்துட்டு கேக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். நான் டாக்டர் இல்ல, இந்த ஆராய்ச்சி பேப்பர்களை எல்லாம் விடாம படிக்கிற ஆளு, அவ்ளோதான்.

ஸ்க்ரீனிங்னா என்ன? டெஸ்ட் எடுக்கறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லைங்க. உங்களுக்கு மூணு வாரமா இருமல் நிக்கல, சளியில ரத்தம் வருது, காரணமே இல்லாம எடை குறையுது, அப்ப டாக்டர் ஸ்கேன் எழுதறாருன்னா அது நோயை கண்டுபிடிக்கிற டெஸ்ட், அதுக்கு யோசிக்கவே வேணாம், உடனே போகணும். ஸ்க்ரீனிங்னா ஒரு தொந்தரவும் இல்லாம நல்லா இருக்கற ஆளை கூப்பிட்டு ஸ்கேன்ல படுக்க வைக்கிறது. இந்த பக்கம் முழுக்க ரெண்டாவதை பத்திதான்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லதுதானே, இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

எல்லாரும் இங்கதான் வழுக்கி விழறாங்க, படிச்சவங்களும் சேத்துதான்.

ஒருத்தருக்கு 67 வயசுல இருமல் வந்து கேன்சர்னு தெரியுது, 70ல இறந்துடறாரு. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் 3 வருஷம் இருந்தாரு. அதே ஆளுக்கு 63 வயசுலயே ஸ்கேன்ல தெரிஞ்சிருந்து, வைத்தியமும் பண்ணி, அப்பவும் 70லதான் இறந்தார்னு வைங்க. இப்ப கணக்குல 7 வருஷம்! "அஞ்சு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தவங்க" லிஸ்ட்ல அவர் பேரு வந்துடும், போஸ்டர்லயும் போட்டுடுவாங்க, ஆனா மனுஷன் ஒரு நாள் கூட அதிகமா வாழல. எக்மோர்ல ஏறினாலும் தாம்பரத்துல ஏறினாலும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரைக்கு போற நேரம் ஒண்ணுதான், எக்மோர்ல ஏறினவரு கூடுதல் நேரம் ரயில்ல உக்காந்திருந்தாரு, அவ்ளோதான்.

இன்னொண்ணு, எல்லா கேன்சரும் ஒரே வேகத்துல வளராது. சிலது ஆறே மாசத்துல ஆளை தூக்கிடும், சிலது பத்து வருஷம் சும்மா கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்தா அதுல யாரு சிக்குவாங்க? மெதுவா வளர்றதுதான் அதிகமா சிக்கும், ஏன்னா அதுதான் ரொம்ப நாள் உள்ள இருக்கு. வேகமா வளர்றது போன ஸ்கேனுக்கும் இந்த ஸ்கேனுக்கும் நடுவுல வந்து ஆளை கொண்டு போயிடும். அதனால ஸ்கேன்ல சிக்கின கேன்சரை மட்டும் தனியா எடுத்து பாத்தா அது எப்பவுமே சாதுவா தெரியும், வைத்தியம் பிரமாதமா வேலை செஞ்ச மாதிரியும் தெரியும்.

மூணாவதா, சில முடிச்சுங்க (நுரையீரல்ல ஸ்கேன்ல தெரியற சின்ன கட்டிகளைத்தான் முடிச்சுன்னு சொல்றேன்) மைக்ராஸ்கோப்ல பாத்தா கேன்சர்தான், ஆனா அந்த ஆளோட ஆயுசுக்குள்ள அது ஒண்ணும் பண்ணியிருக்காது. அவரு மாரடைப்புல போயிருப்பாரு, கடைசி வரைக்கும் அது இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதை தேடி கண்டுபிடிச்சு நுரையீரல்ல ஒரு பாகத்தை வெட்டி எடுத்துட்டு "குணமாயிட்டாரு"ன்னு எழுதறோம்.

அப்ப எதை வச்சுதான் முடிவு பண்றது?

ஒரே மாதிரி ஆளுங்களை ஆயிரக்கணக்குல எடுத்து, குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஸ்க்ரீனிங் குடுத்து, இன்னொண்ணுக்கு குடுக்காம, வருஷக்கணக்கா காத்திருந்து, ரெண்டு பக்கமும் நுரையீரல் கேன்சர்ல செத்தவங்களை எண்ணணும். சாவை எண்ணணும். கண்டுபிடிச்சதை எண்ணக் கூடாது, எத்தனை வருஷம் இருந்தாங்கன்னும் எண்ணக் கூடாது. நோயை முன்னாடியே கண்டுபிடிச்சதால மட்டும் செத்தவங்க எண்ணிக்கை மாறிடாது, அதனால மேல சொன்ன மூணு ஏமாத்தும் இந்த கணக்குல எடுபடாது.

மார்பு எக்ஸ்ரே போதாதா? அது சீப்பா கிடைக்குதே?

முதல்ல எல்லாரும் நம்புனது அதைத்தான். அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல ராச்செஸ்டர்னு ஒரு ஊரு, அங்க இருக்கற மேயோ கிளினிக்ல 1971ல இந்த மாதிரி குலுக்கல் ஆய்வு, அதாவது ட்ரயல், ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 45 வயசுக்கு மேல, நல்லா சிகரெட் குடிக்கிற ஆம்பளைங்க 9,211 பேரு. பாதி பேருக்கு நாலு மாசத்துக்கு ஒரு தடவை மார்பு எக்ஸ்ரே, கூடவே மூணு நாள் சளியை சேத்து டப்பாவுல அனுப்பணும், லேப்ல அதுல கேன்சர் செல் இருக்கான்னு பாப்பாங்க, இப்படி ஆறு வருஷம். வருஷத்துக்கு மூணு தடவை, ஆறு வருஷம், நினைச்சு பாருங்க, இப்ப எந்த கவர்மென்ட்டாலயும் அவ்ளோ அடிக்கடி எடுக்க முடியாது. இன்னொரு பாதிக்கு "வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணிக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

என்ன ஆச்சுன்னா, ஸ்க்ரீனிங் குரூப்ல 206 கேன்சர், இன்னொண்ணுல 160. கண்டுபிடிச்சதுல இருந்து அஞ்சு வருஷம் உயிரோட இருந்தவங்க சதவீதம் ஸ்க்ரீனிங் பக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆபரேஷன் பண்ணக்கூடிய நிலையில இருந்தவங்களும் அந்த பக்கம்தான் அதிகம். இதோட நிறுத்தியிருந்தா மாபெரும் வெற்றின்னு பேப்பர்ல வந்திருக்கும். சாவை எண்ணினா ஸ்க்ரீனிங் பக்கம் 122, இந்த பக்கம் 115. குறையவே இல்ல.

சரி, நாள் போகப் போக வித்தியாசம் தெரியும்னு சிலர் சொன்னாங்க. 2000ல, இருபது வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து பாத்த கணக்கு வெளிவந்துச்சு. ஆயிரம் பேரை ஒரு வருஷம் கவனிச்சா ஸ்க்ரீனிங் குரூப்ல 4.4 சாவு, இன்னொண்ணுல 3.9. அப்பவும் இல்ல. எனக்கு கேட்டா, ஸ்க்ரீனிங் பத்தி பேசற ஒவ்வொருத்தரும் இந்த ஒரு ட்ரயலை மட்டுமாவது முழுசா படிச்சிருக்கணும்.

அந்த ட்ரயல்ல தப்பு இருந்திருக்கலாமே?

இருந்துச்சு, அதையும் சொல்லிடணும். கண்ட்ரோல் குரூப்ல, அதாவது ஸ்க்ரீனிங் குடுக்காம ஒப்பிட வச்சிருந்த பக்கம், நிறைய பேரு வெளியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டாங்க, ஸ்க்ரீனிங் குரூப்ல கால்வாசி பேரு ஒழுங்கா வரல, எண்ணிக்கையும் சின்னது. அதனாலதான் அமெரிக்காவுல இன்னும் பெருசா, 55லேருந்து 74 வயசு வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆளுங்களை வச்சு பிஎல்சிஓன்னு ஒரு ட்ரயல் போட்டாங்க, 1993ல ஆரம்பிச்சு. இதுல சிகரெட் குடிக்காதவங்களும் இருந்தாங்க. வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே, அதிகபட்சம் நாலு தடவை. 2011ல ரிசல்ட் வந்தப்போ நுரையீரல் கேன்சர் சாவு எக்ஸ்ரே பக்கம் 1,213, சும்மா விட்ட பக்கம் 1,230. ஒண்ணுமே இல்லங்க. எக்ஸ்ரே கதை அதோட முடிஞ்சுது.

ஜப்பான்ல எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கறாங்களே, அவங்க முட்டாளா?

முட்டாள் இல்ல. டிபிக்காக ஊர் ஊரா எக்ஸ்ரே வண்டி ஓட்டிக்கிட்டிருந்த நாடு அது, அந்த ஏற்பாடு கையில இருந்துச்சு, 1987லேருந்து 40 வயசு தாண்டினவங்களுக்கு வருஷா வருஷம் நுரையீரல் கேன்சருக்கும் அதையே எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நல்லா சிகரெட் குடிக்கறவங்களுக்கு சளி டெஸ்டும் சேத்தாங்க. அவங்க காட்டற ஆதாரம் வேற வகை: செத்தவங்களையும் உயிரோட இருக்கறவங்களையும் எடுத்து யாரு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டாங்கன்னு பின்னோக்கி பாக்கற ஆய்வுகள். அதுல நல்ல பலன் தெரியுது. ஆனா கூப்பிட்டதும் தானா வந்து எக்ஸ்ரே எடுத்துக்கற ஆளு யாருன்னு யோசிங்க, பிபி மாத்திரையும் ஒழுங்கா போடறவரு, சிகரெட்டும் கொஞ்சம் கம்மியா குடிக்கறவரு. அவருக்கு ஸ்க்ரீனிங் இல்லாமலே சாவு கம்மியாத்தான் இருக்கும். நான் பிஎல்சிஓ பக்கம்தான்.

சிடி ஸ்கேன் எப்ப உள்ள வந்துச்சு?

1999ல நியூயார்க்ல கார்னெல் பல்கலைக்கழகத்து க்ளாடியா ஹென்ஷ்கி குரூப்பு, எக்ஸ்ரேல தெரியாத சின்ன சின்ன முடிச்செல்லாம் குறைஞ்ச டோஸ் சிடியில (கதிர்வீச்சை குறைச்சு எடுக்கற சிடி) தெரியுதுன்னு காட்டினாங்க. அது உண்மைதான், யாரும் மறுக்கல. 2006ல 31,567 பேரை ஸ்கேன் பண்ணதுல 484 கேன்சர், அதுல 85% முதல் ஸ்டேஜ், அந்த முதல் ஸ்டேஜ்காரங்க பத்து வருஷம் உயிரோட இருக்க வாய்ப்பு 88%னு கணக்கு போட்டு வெளியிட்டாங்க. உங்க வாட்ஸ்அப் படத்துல வர்ற 90% இந்த மாதிரி கணக்குலேருந்து வர்றதுதான். கண்ட்ரோல் குரூப்பே கிடையாது! மேயோ கதையை படிச்சுட்டு இதை பாத்தா சிரிப்புதான் வரும்.

அடுத்த வருஷமே பீட்டர் பாக்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் வேற மூணு சிடி ஆய்வுல இருந்த 3,246 பேரை எடுத்து, ஸ்கேன் இல்லாம இருந்திருந்தா எத்தனை பேரு செத்திருப்பாங்கன்னு ஒரு மாடல் போட்டு பாத்தாங்க. கேன்சர் மூணு மடங்கு அதிகமா கிடைச்சிருக்கு, ஆபரேஷன் பத்து மடங்கு அதிகம், சாவு எதிர்பார்த்தது 38.8, நடந்தது 38. ரெண்டு பெரிய பத்திரிகையில அடுத்தடுத்து ரெண்டு பேப்பரு, ஒண்ணு ஆகாசத்துல, ஒண்ணு பாதாளத்துல. போதாக்குறைக்கு 2008ல, ஹென்ஷ்கி ஆய்வுக்கு வந்த பணத்துல ஒரு சிகரெட் கம்பெனியோட தாய் நிறுவனத்து காசும் இருந்துச்சுன்னு நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைச்சிடுச்சு. சண்டையை தீர்க்க பெரிய ட்ரயல் ஒண்ணுதான் வழின்னு ஆகிப்போச்சு, அது ஏற்கனவே ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

அந்த பெரிய ட்ரயல் என்ன சொல்லுச்சு?

என்எல்எஸ்டின்னு பேரு. 2002லேருந்து 2004 வரைக்கும் அமெரிக்காவுல 33 சென்டர்ல 53,454 பேரை சேத்தாங்க. 55லேருந்து 74 வயசு, குறைஞ்சது 30 பேக்-இயர் சிகரெட் குடிச்சிருக்கணும் (தினம் 20 சிகரெட் வீதம் 30 வருஷம் மாதிரி, கணக்கு கீழ சொல்றேன்), விட்டிருந்தா 15 வருஷத்துக்குள்ள விட்டிருக்கணும். பாதி பேருக்கு வருஷத்துக்கு ஒண்ணா மூணு சிடி, மீதி பேருக்கு அதே மாதிரி மூணு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயால பலன் இல்லன்னு பிஎல்சிஓ சொல்லிட்டதால அதை சும்மா விட்ட குரூப்பு மாதிரியே எடுத்துக்கலாம்.

சுமார் ஆறரை வருஷம் பின்தொடர்ந்ததுல நுரையீரல் கேன்சர் சாவு சிடி பக்கம் 356, எக்ஸ்ரே பக்கம் 443. விகிதமா பாத்தா 20% குறைவு. பலன் தெளிவா தெரிஞ்சதும் 2010 நவம்பர்லயே ட்ரயலை நிறுத்தி அறிவிச்சுட்டாங்க, முழு பேப்பர் 2011ல வந்துச்சு. நாப்பது வருஷ தேடல்ல குலுக்கல் ட்ரயல் ஒண்ணுல சாவு குறைஞ்சுதுன்னு சந்தேகமில்லாம தெரிஞ்சது அப்பத்தான். எக்ஸ்ரேல தோத்ததை வச்சு "ஸ்க்ரீனிங்கே வேஸ்ட்"னு சொன்னவங்களும் இந்த இடத்துல வாயை மூடிக்க வேண்டியதாச்சு.

20% குறைஞ்சா நூத்துல இருபது பேரு பொழைக்கறாங்களா?

இல்ல இல்ல. இதை தப்பா புரிஞ்சுக்கறவங்கதான் ஜாஸ்தி. ஸ்கேன் எடுக்காத ஆயிரம் பேருல அந்த ஆறரை வருஷத்துல நுரையீரல் கேன்சர்ல 16 இல்ல 17 பேரு போனாங்க. ஸ்கேன் எடுத்த ஆயிரத்துல 13 பேரு. மூணு பேரு மிச்சம். வேற மாதிரி சொன்னா ஒரு உயிரை காப்பாத்த சுமார் 320 பேருக்கு ஸ்கேன் எடுக்கணும். ஸ்கேன் எடுத்துக்கிட்டும் 13 பேரு போனாங்க பாருங்க, அதையும் மறக்கக் கூடாது, விளம்பரத்துல அது வராது.

மூணு உயிர் கம்மியான்னு கேட்டா, கம்மி இல்ல. மத்த கேன்சர் ஸ்க்ரீனிங்கோட ஒப்பிட்டா இது நல்ல நம்பர்தான்.

ஒரே ஒரு ட்ரயலை வச்சு நம்பலாமா?

நம்ப வேணாம், ரெண்டாவதும் வந்துச்சு. நெதர்லாந்து, பெல்ஜியம் ரெண்டும் சேந்து பண்ண நெல்சன் ட்ரயல், 2020ல வெளிவந்துச்சு. 13,195 ஆம்பளைங்க, 2,594 பொம்பளைங்க, 50லேருந்து 74 வயசு. இங்க கண்ட்ரோல் குரூப்புக்கு எக்ஸ்ரே கூட கிடையாது. பத்து வருஷத்துல ஆம்பளைங்கள்ல நுரையீரல் கேன்சர் சாவு 206க்கு பதிலா 156, அதாவது 24% குறைவு. பொம்பளைங்களுக்கு 33% வரைக்கும் போச்சு, ஆனா அந்த குரூப் சின்னதுங்கறதால அதை ரொம்ப இறுக்கி பிடிச்சுக்க வேணாம்.

எனக்கு நெல்சன்ல பிடிச்சது வேற விஷயம். முடிச்சோட அகலத்தை ஸ்கேல் வச்ச மாதிரி அளக்காம, சாஃப்ட்வேர் வச்சு அதோட கன அளவை எடுத்தாங்க. 50 கன மில்லிமீட்டருக்கு கீழயா, கவலைப்படாதீங்க, அடுத்த ரவுண்டுக்கு வாங்க. 500க்கு மேலயா, உடனே டாக்டர்கிட்ட போங்க. நடுவுலயா, கத்தியை எடுக்காதீங்க, மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன், எவ்ளோ வளர்ந்திருக்குன்னு பாத்து, ரெண்டு மடங்காக 400 நாளுக்கு கீழ ஆகும்னு கணக்கு வந்தாத்தான் அடுத்த கட்டம். இந்த பொறுமையால பாசிட்டிவ்னு வந்த ஸ்கேன் மொத்தம் 2.1%தான், அதுல நூத்துக்கு 43 பேருக்கு நிஜமாவே கேன்சர் இருந்துச்சு. பத்துல ஒருத்தருக்கு கூடுதலா ஒரு ஸ்கேன் தேவைப்பட்டுச்சு, அது பெரிய விலை இல்ல.

எல்லா ட்ரயல்லயும் சாவு குறைஞ்சுதா?

இல்ல. இத்தாலியில டான்டே, டென்மார்க்ல ஒண்ணு, ரெண்டுலயும் வித்தியாசம் தெரியல. ஆனா ரெண்டும் சில ஆயிரம் பேரு மட்டும் இருந்த சின்ன ட்ரயல், வித்தியாசம் இருந்தாலும் காட்ட முடியாத அளவு சின்னது. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு, ஆய்வுகளை சேத்து அலசற காக்ரேன் குழு 2022ல பாத்தப்போ சுமார் 21% குறைவுன்னு வந்துச்சு. அதனால நல்லா புகை பிடிச்சவங்க விஷயத்துல ஐஞ்சுல ஒரு பங்கு சாவு குறையும்ங்கறது இப்ப உறுதியான விஷயம்.

நுரையீரல் கேன்சர் சாவு குறையுது சரி, மொத்த சாவு குறையுதா?

நல்ல கேள்வி, கொஞ்சம் சங்கடமான கேள்வியும் கூட. என்எல்எஸ்டில எல்லா காரணத்தாலயும் செத்தவங்க 2,000க்கு பதிலா 1,877, அதாவது 6.7% குறைவு. ஆனா இன்னும் நீண்ட நாள் பின்தொடர்ந்தப்போ அந்த வித்தியாசம் உறுதியா சொல்ற அளவுக்கு நிக்கல. நெல்சன்ல வித்தியாசமே இல்ல, ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு ஸ்கேன் பக்கம் 13.9 சாவு, இன்னொரு பக்கம் 13.8.

இதை வச்சு சிலர் "பாத்தீங்களா, மொத்தத்துல ஒண்ணும் இல்ல"ன்னு குதிப்பாங்க. அவ்ளோ சுலபமா முடிவு பண்ணிட முடியாது. முப்பது நாப்பது வருஷம் சிகரெட் குடிச்ச ஆளுக்கு ஹார்ட்டு, பக்கவாதம், மூச்சடைப்பு, வேற கேன்சர்னு எமன் பல வழியில வருவான், நுரையீரல் கேன்சர் அதுல ஒண்ணுதான். அந்த ஒண்ணுல ஐஞ்சுல ஒரு பங்கை குறைச்சது மொத்த கணக்குல தெரியணும்னா லட்சக்கணக்குல ஆளுங்க வேணும், நெல்சன் அதுக்காக போட்ட ட்ரயலே இல்ல. அதே நேரம் "ஸ்கேன் உங்க ஆயுசை கூட்டும்"னு ஒருத்தர் அடிச்சு சொன்னா, நெல்சன்ல அது தெரியலன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

ஸ்கேனால என்ன கெடுதல் வந்துடப் போகுது? சும்மா படுத்து எந்திரிக்கறதுதானே?

ஸ்கேனால பெருசா ஒண்ணும் இல்ல, குறைஞ்ச டோஸ்னா கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கற அலகு), சாதாரண மார்பு சிடியில அது போல நாலஞ்சு மடங்கு. பிரச்சனை ஸ்கேனுக்கு அப்புறம் வர்ற ரிப்போர்ட்டுலதான்.

என்எல்எஸ்டில சிடி எடுத்தவங்கள்ல மூணு ரவுண்டு முடியறதுக்குள்ள 39% பேருக்கு ஒரு தடவையாவது "ஏதோ இருக்கு"ன்னு வந்துச்சு. அப்படி வந்த ரிசல்ட்ல 96.4% பொய்யான பயம், பழைய தழும்பு, சின்ன நிணநீர் கட்டி, அந்த மாதிரி. பெரும்பாலும் இன்னொரு ஸ்கேனோட முடிஞ்சிடும். சிலருக்கு ஊசி குத்தி கொஞ்சம் சதையை எடுத்து பாப்பாங்க (பயாப்ஸி), அப்ப காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்கிப் போகலாம். சிலருக்கு நெஞ்சை திறந்தே பாப்பாங்க. சிடி குரூப்ல அப்படி உடம்புக்குள்ள கை வச்ச டெஸ்ட்டுக்கு அப்புறம் 60 நாளுக்குள்ள 16 பேரு இறந்தாங்க, அதுல 6 பேருக்கு கேன்சரே இல்ல. டெஸ்ட்டாலதான் செத்தாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா கணக்குல அதையும் வைக்கணும்.

இதுக்கப்புறம் அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் அமைப்பு 2014ல லங்-ராட்ஸ்னு ஒரு விதிமுறை கொண்டு வந்து, முதல் ஸ்கேன்ல 6 மில்லிமீட்டருக்கு கீழ உள்ள திட முடிச்சை எல்லாம் பாசிட்டிவ்னு எண்ண வேணாம்னு சொல்லிடுச்சு, பொய் பயம் நல்லாவே குறைஞ்சுது.

தேவையில்லாத கேன்சரை கண்டுபிடிக்கறதுன்னு சொன்னீங்களே, அது எவ்ளோ?

மேயோல ட்ரயல் முடிஞ்சு 16 வருஷம் கழிச்சும் மொத்த கேன்சர் ஸ்க்ரீனிங் பக்கம் 585, இன்னொரு பக்கம் 500. அந்த 85 வித்தியாசம் ஈடாகவே இல்ல, அதான் சந்தேகம் வலுத்துச்சு. என்எல்எஸ்டில முதல்ல 18% வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு போட்டாங்க, அப்புறம் வருஷம் போகப் போக இன்னொரு பக்கமும் கேன்சர் தானா வெளிய வந்து வித்தியாசம் 3% கிட்ட இறங்கிடுச்சு. அதனால நல்லா புகை பிடிக்கறவங்க விஷயத்துல இது பெரிய பூதம் இல்ல. சிகரெட் குடிக்காதவங்ககிட்ட போனாத்தான் பூதம் கிளம்பும்.

அதென்ன, சிகரெட் குடிக்காதவங்களுக்கும் எடுத்தா இன்னும் நல்லதுதானே? எல்லாருக்கும் எடுத்துடலாமே?

இந்த பக்கத்துலயே முக்கியமான பதில் இதுதான்னு நினைக்கறேன். என்எல்எஸ்டில இருந்தவங்க எல்லாருமே நல்லா சிகரெட் குடிச்சவங்கதான், அவங்களையே ஆபத்து அளவை வச்சு அஞ்சா பிரிச்சு 2013ல ஒரு பேப்பர் வந்துச்சு. ஆபத்து ரொம்ப அதிகம் இருந்த பங்குல 161 பேருக்கு ஸ்கேன் எடுத்தா ஒரு உயிர் மிச்சம். ஆபத்து ரொம்ப கம்மியான பங்குல 5,276 பேருக்கு எடுத்தாத்தான் ஒண்ணு. ட்ரயல்ல காப்பாத்தின மொத்த உயிர்ல அந்த கடைசி பங்குக்கு கிடைச்சது 1%. பொய் பயம் மட்டும் கம்மியா இல்ல. சிகரெட்டையே தொடாத ஆளுக்கு இது எங்க போய் நிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

தைவான்ல இது நேராவே நடந்துச்சு. அங்க குடிக்காத பொம்பளைங்களும் காசு குடுத்து நிறைய பேரு சிடி எடுத்துக்கிட்டாங்க. 2004லேருந்து 2018க்குள்ள பொம்பளைங்களுக்கு ஆரம்ப ஸ்டேஜ் கேன்சர் லட்சத்துக்கு 2.3லேருந்து 14.4க்கு ஏறிடுச்சு, ஆறு மடங்கு. ஆரம்பத்துலயே பிடிச்சிட்டா முத்தின கேன்சர் குறையணுமா இல்லையா? குறையல, லட்சத்துக்கு 19 பக்கத்துல அப்படியே நின்னுச்சு. அப்ப புதுசா கண்டுபிடிச்சதுல பெரும்பகுதி தொந்தரவே பண்ணியிருக்காத கேன்சர். 2022ல அவங்க அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, நல்லா புகை பிடிச்சவங்களோட, குடும்பத்துல நுரையீரல் கேன்சர் இருந்தவங்களுக்கும் உண்டு. குடும்ப வரலாறை வச்சு கூப்பிடறதுக்கு சாவு குறைஞ்சதா காட்டின குலுக்கல் ட்ரயல் கிடையாது, அவங்க தைரியம் எனக்கு கொஞ்சம் ஜாஸ்தியா படுது.

எந்தெந்த நாட்டுல இருக்கு?

அமெரிக்காவுல 2013லேருந்து பரிந்துரை இருக்கு, 2021ல 50லேருந்து 80 வயசு, 20 பேக்-இயர்னு தளர்த்தினாங்க, ஆனா தகுதி உள்ளவங்கள்ல ஐஞ்சுல ஒருத்தர் கூட எடுத்துக்கறதில்ல. தென் கொரியா 2019, குரோஷியா 2020, ஆஸ்திரேலியா 2025 ஜூலை. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல கடை வாசல் பார்க்கிங்ல ஸ்கேன் லாரியை நிறுத்தி 2016ல ஆரம்பிச்சது நல்லா போயி, 2023ல தேசிய திட்டமா அறிவிச்சாங்க. அங்க கிடைக்கிற கேன்சர்ல நாலுல மூணு ஆரம்ப ஸ்டேஜ்னு பெருமையா சொல்றாங்க. திட்டம் நல்ல திட்டம்தான், ஆனா அந்த நம்பர் சாவு குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்ல, ஆதாரம் நெல்சன்லயும் என்எல்எஸ்டிலயும்தான் இருக்கு.

பேக்-இயர் கணக்கு எப்படி?

ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருஷம் குடிச்சா ஒரு பேக்-இயர். நம்ம ஊர்ல 10 சிகரெட் பாக்கெட்டும், கடையில ஒண்ணு ரெண்டு சில்லறையா வாங்கறதும்தான் பழக்கம், அதனால பாக்கெட்டை எண்ணாம சிகரெட்டை எண்ணுங்க. ஒரு நாளைக்கு 10 சிகரெட், 30 வருஷம்னா 15 பேக்-இயர். பீடிக்கு இந்த ட்ரயல்கள்ல கணக்கு கிடையாது.

நம்ம ஊருக்கு இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே தூக்கி ஒட்ட முடியாது. என்எல்எஸ்டில 90%க்கு மேல வெள்ளைக்காரங்க. இங்க டிபி அதிகம், டிபி வந்து ஆறினவங்க நுரையீரல்ல தழும்பும் சுண்ணாம்பு படிஞ்ச முடிச்சும் இருக்கும், டிபி வந்ததே தெரியாதவங்களுக்கும் இருக்கும். அமெரிக்காவுலயே அவ்ளோ பொய் பயம்னா இங்க எவ்ளோ வரும்! ஒவ்வொண்ணையும் திரும்ப ஸ்கேன் பண்ணி, தேவைப்பட்டா பயாப்ஸி எடுத்து, ஆபரேஷன் பண்ற சர்ஜன் வரைக்கும் ஏற்பாடு இருந்தாத்தான் ட்ரயல்ல வந்த பலன் வரும். இந்தியாவுல கவர்மென்ட் ஸ்க்ரீனிங் லிஸ்ட்ல வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூணுதான் இருக்கு, நுரையீரல் இல்ல, இப்போதைக்கு அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வாய் கேன்சருக்கு திருவனந்தபுரத்துலயே குலுக்கல் ட்ரயல் போட்டு, புகையிலை, குடி பழக்கம் உள்ளவங்ககிட்ட சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சதை 2005ல காட்டினாங்க. டார்ச் லைட் வச்சு வாயை திறந்து பாத்தது, அவ்ளோதான் செலவு.

எனக்கு 38 வயசு, சிகரெட் பழக்கம் இல்ல, மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல மார்பு சிடியும் சேத்து ஆஃபர்ல தர்றாங்க, எடுக்கலாமா?

வேணாம். உங்க வயசுக்கும் பழக்கத்துக்கும் பலன் காட்டின ட்ரயல் ஒண்ணு கூட இல்ல. 4 மில்லிமீட்டர் முடிச்சு ஒண்ணு ரிப்போர்ட்ல வந்தா அடுத்த ஆறு மாசம் தூக்கம் போயிடும், கண்டிப்பா.

எங்க அப்பாவுக்கு 62 வயசு, 35 வருஷமா தினம் ஒரு பாக்கெட்டுக்கு மேல, இன்னும் விடல. அவருக்கு?

அவரு தினம் 20க்கு மேல குடிச்சிருந்தா ட்ரயல்ல இருந்த ஆளுங்க மாதிரிதான். நெஞ்சு டாக்டர் ஒருத்தர்கிட்ட பேசிட்டு எடுக்கலாம், ஆனா முன்னாடியே மூணு கேள்வி கேட்டுக்கோங்க: குறைஞ்ச டோஸ்ல எடுப்பாங்களா, முடிச்சு வந்தா எந்த விதிமுறைப்படி பாப்பாங்க, அப்பாவோட ஹார்ட்டும் மூச்சும் நுரையீரல் ஆபரேஷனை தாங்குமா. மூணாவதுக்கு பதில் "தாங்காது"ன்னா ஸ்கேனால பெருசா லாபம் இல்ல. ஒரு தடவை எடுத்துட்டு விட்டுடறதும் பிரயோஜனம் இல்ல, ட்ரயல்கள்ல திரும்ப திரும்ப எடுத்ததுக்குத்தான் பலன் வந்துச்சு. பழைய டிபி ஃபைல், பழைய எக்ஸ்ரே வீட்டுல இருந்தா தேடி எடுத்துக்கிட்டு போங்க, பழைய தழும்பா புதுசான்னு அதை வச்சுதான் சொல்ல முடியும்.

ஸ்கேன் எடுத்துக்கிட்டா சிகரெட் தொடரலாமா?

அப்பா இதைத்தான் அடுத்து கேப்பாரு, தெரியும். என்எல்எஸ்டி ஆளுங்களையே வச்சு 2016ல ஒரு கணக்கு வந்துச்சு: ஸ்கேன் எடுக்காத பக்கம், சிகரெட்டை விட்டு ஏழு வருஷம் ஆனவங்களுக்கு நுரையீரல் கேன்சர் சாவு 20% குறைவு, அதாவது சிடி குடுத்த அதே பலன், ஸ்கேனே இல்லாம. விட்டு 15 வருஷம் ஆகி ஸ்கேனும் எடுத்தவங்களுக்கு 38%. ஹார்ட்டுக்கு கிடைக்கிற லாபம் இதுல சேக்கல.

ரிப்போர்ட்ல "5 மில்லிமீட்டர் நாட்யூல்"னு வந்துடுச்சு, பயமா இருக்கு.

முதல் ஸ்கேன்ல வந்த திடமான 5 மில்லிமீட்டர் முடிச்சை லங்-ராட்ஸ்ல நெகட்டிவ்னுதான் எண்ணுவாங்க, அடுத்த வருஷம் வழக்கமான ஸ்கேன், அவ்ளோதான். போன ஸ்கேன்ல இல்லாம இப்ப புதுசா வந்திருந்தா மட்டும் அது வேற, சீக்கிரமே திரும்ப பாப்பாங்க. ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டு போகாதீங்க, படம் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த தடவை வேற சென்டர்ல எடுத்தாலும் பக்கத்துல வச்சு ஒப்பிட அதுதான் வேணும்.